பேத்தமங்களாவின் ஒரே விவசாயி

ஷெர்வினுக்கு விஷயம் தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. வலது கையில் பிரஷ், இடது கையில் போன். போனில் சம்பங்கி அண்ணன் தக்காளிச் செடியருகே குந்தி, ஓர் இலையைத் திருப்பிக் காட்டி, வெள்ளை ஈயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இத்த பாருங்க, இலைக்குக் கீழதான் இவனுங்க குடித்தனமே."

அந்த வாக்கியம் ஷெர்வினுடையது. சொன்னவர் என்னவோ சம்பங்கி அண்ணன்தான். ஆனால் நாலு வருஷத்துக்கு முன்னால், ஷெர்வினின் மைக்கில், ஷெர்வின் கேட்டு, ஷெர்வினுக்காகச் சொன்னது. இப்போது அதையே, அதே இடத்தில் நிறுத்தி, அதே அரைச் சிரிப்போடு, டீனாவின் கேமராவைப் பார்த்துச் சொல்கிறார். போதாததற்குத் தலையில் ஒரு புதுத் தொப்பி வேறு.

ஷெர்வின் பேஸ்ட்டை விழுங்கிவிட்டான்.

விவசாயச் செய்தித் தொழிலில் வெளியே யாரும் பேசாத ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு நிருபரும் சொந்தமாக ஒரு விவசாயி வைத்திருப்பார். மழை வந்தால் அவரிடம்தான் கேட்பார். வராவிட்டாலும் அவரிடம்தான். பட்ஜெட், பூச்சி, உரத்தட்டுப்பாடு, உலக மகளிர் தினம் எல்லாவற்றுக்கும் அவரே பேசுவார். மாவட்டத்தில் லட்சம் விவசாயிகள் இருக்கலாம். அவர்களில் பெரும்பாலோர் மைக்கைக் கண்டதும் "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லி மோட்டார் போடப் போய்விடுகிறவர்கள். முழு வாக்கியமாகப் பேசி, வெட்டுவதற்கு வாகாக ஒரு மூச்சு விட்டு, "இன்னொரு தபா சொல்லட்டுமா?" என்று தானே கேட்கிறவர் ஆயிரத்தில் ஒருத்தர். அப்படி ஒருத்தர் கிடைத்தால் அவரை வெளியில் காட்டக்கூடாது. அடுத்தவர் விவசாயி மேல் கை வைக்கவும் கூடாது. கோலாரிலிருந்து வரும் கன்னடப் பத்திரிகைக்காரர் ஆறு வருஷமாக முள்பாகல் பக்கம் ஒரே மாந்தோப்புக்காரரோடு ஒழுக்கமாக வாழ்ந்துவருகிறார். பேத்தமங்களாவில் ஷெர்வினுக்கு சம்பங்கி அண்ணன் இருந்தார். தொழிலில் எல்லோருக்கும் அது தெரியும்.

டீனா தொழிலில் இல்லை. பெங்களூரில் ஏதோ கம்பெனி, வார நாளில் ரயில், வாரக் கடைசியில் யூடியூப். "டீனா தோட்டம்" என்று பெயர். அவளும் ஷெர்வினும் ஒரே சர்ச். சண்டே ஸ்கூல் வசனப் போட்டியில் ஏழு வருஷம் தொடர்ந்து அவள் முதல், இவன் இரண்டாவது. ஏழாம் வருஷம் போட்டிக்கு வந்ததே இரண்டு பேர்தான்.

வீடியோவுக்குக் கீழே எண்ணிக்கை இருந்தது. மூன்று லட்சத்துச் சொச்சம். ஷெர்வினின் நிகழ்ச்சியை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. வானொலியில் அவனுக்குப் பிடித்த அம்சமே அதுதான்.

அவன் வேலை செய்வது மேட்டுக்காற்று சமுதாய வானொலியில். நிகழ்ச்சியின் பெயர் "மண்ணும் மைக்கும்". சனிக்கிழமை காலை ஆறரைக்கு அரை மணி நேரம். தங்கச் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனில் பிறந்தவன். அவன் தாத்தாவும் அவருடைய அப்பாவும் மண்ணுக்குள் எட்டாயிரம் அடி இறங்கியவர்கள். மண்ணுக்கு மேலே அந்தக் குடும்பம் ஒரு கொத்தமல்லிகூட விதைத்ததில்லை. ஆகவே அவனுடைய விவசாய ஞானம் முழுக்க சம்பங்கி அண்ணன் போட்ட பிச்சை. அது அவனுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் வயிறு அப்படி எரிந்தது.

நிலையத்துக்குப் போனால் நிலையத் தலைவர் ஹரோல்ட் அங்கிளும் அதே வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சுரங்கத்தில், வருகை பதியும் டைம் ஆபீஸில் இருந்தவர். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகியும் நிகழ்ச்சிகளை ஷிப்ட் என்பார், ஒலிப்பதிவு அறையை, சுரங்கத்தில் ஆளிறக்கும் கூண்டின் பெயரால், கேஜ் என்பார்.

"இன்னாடா ஷெர்வின், உன் ஆளு அந்தப் பொண்ணாண்ட இன்னாமா பேசறான்! உங்கிட்ட பேசறப்ப தூங்கி எந்திரிச்சா மாதிரி கீறானே."

"அங்கிள், அது எடிட்டிங்."

"எடிட்டிங்கோ இன்னாவோ. டீனாவக் கூப்ட்டுக் கேட்டேன், உன் ஷிப்ட்ட எட்துக்கிறியான்னு. ஞாயித்துக்கிழம சர்ச்சு முடிஞ்சி சொல்றேன்னிச்சி."

"என் ஷிப்ட்டா?"

"கத்தாத. உனக்கும் ஒரு சான்ஸ் தர்றேன். இந்த சனிக்கிழம லைவா ஒரு விவசாயியக் கொண்டாந்து பேச வை. லைவுன்னா லைவு, பெட்டியில பூட்டி வச்ச சரக்கு வேணாம். கேக்கறேன். நல்லா இருந்தா ஷிப்ட் உனக்கு. இல்லன்னா திங்கக்கிழமலேர்ந்து நீ சுகம் தரும் மூலிகை பண்ணு."

"சுகம் தரும் மூலிகை" புதன்கிழமை மதியம் இரண்டரைக்கு ஒலிபரப்பாகிறது. அதைச் செய்பவரின் தாயாரே அந்த நேரத்தில் தூங்குகிறார்.

மறுநாள் ஷெர்வின் ஸ்கூட்டரில் பேத்தமங்களாவுக்குப் போனான். ஏரிக்கரையைத் தாண்டி இடது பக்கம் மூன்று ஏக்கர். சம்பங்கி அண்ணன் பம்ப்செட் நிழலில் உட்கார்ந்து போனில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி தலையில் இருந்தது. உள்ளே அவர் மனைவி பார்வதம்மாவும் இரண்டு பெண்களும் செடிகளைக் குச்சியோடு சேர்த்துச் சணலால் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வா தம்பி. இன்னா, மூஞ்சி இப்டி கீது? உடம்பு சொகமில்லியா?"

"நல்லாத்தாண்ணா கீறேன். தொப்பி புதுசா?"

"டீனா பொண்ணு குட்த்துச்சி. வெயிலுக்கு."

"ஆறு வருஷமா நானும் வந்துகினுதான் கீறேன். அப்பல்லாம் வெயிலே அடிக்கலியா?"

"ரேடியோவுல வெயிலு தெரியாதே தம்பி."

நியாயம்தான். நியாயமாக இருந்ததால் இன்னும் கோபம் வந்தது.

"எத்தினி நாளாண்ணா நடக்குது இது?"

"எது?"

"இந்த வீடியோ."

சம்பங்கி அண்ணன் கண்ணைத் தாழ்த்தினார். "மூணு வாரம். அது சும்மா வந்துச்சி தம்பி, நா ஒண்ணும் கூப்டல. ஒரு கேள்வி கேட்டுச்சி, சொன்னேன். அப்பால பாத்தா நல்லா வந்துகீது. ஆனா ஒண்ணு, உங்கிட்ட சொன்னத அதுங்கிட்ட சொல்லல."

"இலைக்குக் கீழ குடித்தனம் சொன்னீங்களே."

"அது ஒண்ணுதான். வாயில வந்துட்ச்சி."

உள்ளேயிருந்து பார்வதம்மா குரல் கொடுத்தாள். "தம்பி, அந்தாளு பேச்ச நம்பாத! தக்காளிய வதக்கிச் சட்னி எப்டி அரைக்கிறதுன்னுகூட அந்தப் பொண்ணாண்ட சொல்லிகினு இருந்தாரு! வூட்ல ஒரு நா தண்ணி சுட வச்சவரு இல்ல!"

ஷெர்வின் தன்னை அடக்கிக்கொண்டு விஷயத்துக்கு வந்தான். சனிக்கிழமை, காலை ஆறரை, நேரலை. போனிலேயே பேசினால் போதும். சம்பங்கி அண்ணன் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"சனிக்கிழமையா... சனிக்கிழம அந்தப் பொண்ணு பறக்கற கேமரா எட்துகினு வருதாம் தம்பி. காலைல வெளிச்சம் நல்லா இருக்கும்ன்னிச்சி."

"எத்தினி மணிக்கு?"

"ஆறரைக்கு."

வேறு விவசாயியைத் தேடலாம் என்ற எண்ணம் அவனுக்கு வந்தது. வந்தவுடனே ஏதோ துரோகம் செய்தவன் மாதிரி இருந்தது. இருந்தாலும் வியாழக்கிழமை முயன்றான். ஒருத்தர் "ஒண்ணுமில்ல சார்" என்றார். ஒருத்தர் ஷெர்வினைப் பயிர்க்கடன் வசூலுக்கு வந்தவன் என்று நினைத்துப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். மூன்றாமவர் அருமையாகப் பேசினார், ஆனால் தன் மருமகனைப் பற்றி மட்டும்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவன் கேஜில், அதாவது ஒலிப்பதிவு அறையில், கணினி முன் உட்கார்ந்தான். அதில் ஆறு வருஷத்துச் சம்பங்கி இருந்தார். துண்டு துண்டாக, நானூற்றுப் பன்னிரண்டு துண்டு. எல்லாவற்றுக்கும் ஷெர்வின் பெயர் வைத்திருந்தான். "மழை வேணும்", "மழை போதும்", "விலை ஏறுச்சு", "விலை எறங்குச்சு", "அரசாங்கம் (மென்மையாக)", "அரசாங்கம் (கடுமையாக)", "பெருமூச்சு மட்டும்".

ஒன்றைப் போட்டான். "இருக்கேன் தம்பி, செடிங்கதான் சோந்து போய்கீது" என்றது குரல். மைக்கைத் திறந்து, "எப்படி இருக்கீங்க சம்பங்கி அண்ணா?" என்று கேட்டுவிட்டு அதையே மறுபடி போட்டான். கச்சிதமாக உட்கார்ந்தது. நிஜ சம்பங்கியைவிட இந்தச் சம்பங்கி நன்றாகக் கவனித்துப் பதில் சொன்னார். குறுக்கே பேசவில்லை, காபி கேட்கவில்லை, தொப்பி போடவில்லை. முக்கியமாக, இவர் வேறு யாரோடும் எங்கேயும் போகமாட்டார். இப்படி ஒருத்தர் கைவசம் இருக்கும்போது அவரிடம் போய்க் கெஞ்சினோமே என்று ஷெர்வினுக்கு வெட்கமாக இருந்தது. எட்டுத் துண்டுகளைத் தேர்ந்து வரிசையாக அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை ஆறரைக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹரோல்ட் அங்கிள் மப்ளரோடு நின்றார்.

"நேயர்களே, இன்று நேரலையில், பேத்தமங்களாவின் முன்னோடி விவசாயி சம்பங்கி அவர்கள். வணக்கம் அண்ணா, எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன் தம்பி, செடிங்கதான் சோந்து போய்கீது."

"அப்படியா! மழை எப்படி?"

"மழ வராம இல்ல. வர்ற நேரத்துக்கு வர்ல."

ஹரோல்ட் அங்கிள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஷெர்வினுக்கு உற்சாகம் வந்தது. மூன்றாவது கேள்வியில் கொஞ்சம் சிரித்தும் பார்த்தான். சம்பங்கியும் சிரித்தார். "சிரிப்பு, சின்னது" என்ற துண்டு அது.

"நாத்து நடறவங்களுக்கு என்ன சொல்றீங்க?"

"மழ பெஞ்ச மறுநாளே நட்டுடணும் தம்பி. யோசிக்கவே கூடாது."

அதன் பின்னணியில் ஒரு மாடு "ம்மா" என்றது. நல்ல இயல்பான ஒலி. தோட்டத்தின் வாசனையே வருகிறது என்று நினைத்து ஷெர்வின் தன்னை மெச்சிக்கொண்டான். நேயர் தொலைபேசியின் விளக்கு மின்னியது. நேரலை என்று சொல்லிவிட்டதால் எடுத்தாக வேண்டும்.

"மேட்டுக்காற்று, யார் பேசறது?"

"நாந்தான் தம்பி, பார்வதம்மா."

பார்வதம்மா தோட்டத்தில் வேலை செய்யும்போது இடுப்பில் சின்ன ரேடியோவைச் செருகியிருப்பாள் என்பது ஷெர்வினுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்காரர் நேரில் பேசினால் கேட்க அவளுக்கு நேரமில்லை. ரேடியோவில் பேசினால் கேட்டுக்கொள்வாள்.

"எங்க வூட்டுக்காரரு இங்க வரப்புல நின்னுகினு மேல பறக்கற கேமராவுக்குக் கை ஆட்டிகினு கீறாரு. அங்க உங்கிட்டயும் பேசறாரு. அது இன்னா வித்தையோ, போவட்டும். தம்பி, இப்ப ஒரு மாடு கத்திச்சே?"

"அக்கா..."

"அது எங்க கௌரி."

கௌரி செத்துப் பதினாலு மாசம் ஆகியிருந்தது. வயிறு உப்பி, கோலாரிலிருந்து டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. பேத்தமங்களாவில் அது எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் "மண்ணும் மைக்கும்" நிகழ்ச்சியில் இரங்கல் சொன்னவனே ஷெர்வின்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டைவிரல் மெதுவாகக் கீழே இறங்கியது.

"அந்தக் குரலு எனக்குத் தெரியாதா? காலைல கறக்க லேட்டானா அப்டித்தான் கத்துவா." பார்வதம்மா ரேடியோவைக் காதருகே தூக்கியிருக்க வேண்டும், போனில் கரகரப்பு கேட்டது. "இன்னொரு தபா போடு தம்பி."

போனை வைத்துவிடலாம். பாட்டைப் போட்டுவிடலாம். ஷெர்வினுக்கு அந்த இரண்டு யோசனையும் வந்தது, ஆனால் கை துண்டைத் திரும்பப் போட்டுவிட்டது. "யோசிக்கவே கூடாது," என்றார் பழைய சம்பங்கி. "ம்மா," என்றது கௌரி. தோட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பிறகு போனில் இரைச்சல். தேனீக்கூட்டம் மாதிரி ஒரு ரீங்காரம், டீனாவின் பறக்கும் கேமராவாகத்தான் இருக்க வேண்டும். கூடவே டீனாவின் குரல்: "அண்ணா, எங்க போறீங்க? ஷாட் போய்க்கினு இருக்குதுண்ணா!" அப்புறம் சம்பங்கி அண்ணனே பேசினார், மூச்சு வாங்க.

"தம்பி! மழ பெஞ்ச மறுநாளே நடச் சொன்னவன் எவன்?"

டீனாவை விட்டுவிட்டுத் தன்னிடம் ஓடிவந்திருக்கிறார். அந்த நிலைமையிலும் ஷெர்வினுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"நீங்கதாண்ணா. ரெண்டு வருஷத்துக்கு முன்ன."

"மறுநாளே நட்டா வேரழுகல் வரும்டா! எனக்கே பாதி நாத்து பூட்ச்சி அந்த வருஷம்!"

"நீங்க சொல்லவே இல்லியேண்ணா."

"நீ கேட்டியா? நடறதுக்கு முன்னாடி மைக்க எட்துகினு வந்த. நட்ட அப்பால எவன் வந்தான்? எல்லாத்தயும் முன்னாடி கேக்கறீங்க. அப்பால இன்னா ஆச்சின்னு ஒருத்தனாவது கேட்டீங்களா?"

ஷெர்வின் துண்டுகளின் பட்டியலை மேலிருந்து கீழ்வரை உருட்டிப் பார்த்தான், "அப்பால" என்று ஒன்றுகூட வைத்திருக்கவில்லை.

"அந்தாளு வேற இன்னா சொல்லிகீறான்? போடு, கேப்போம்."

போட்டான். வெள்ளை ஈக்கு வேப்பெண்ணெய் போதும் என்றார் பழைய சம்பங்கி. "போதாது" என்றார் புது சம்பங்கி. சொட்டுநீர்க் குழாயை வருஷம் ஒருமுறை கழுவினால் போதும் என்றார் பழையவர். "அது இவன் சோம்பேறித்தனம்" என்றார் புதியவர். "விலை ஏறுச்சு" போட்டதும் பார்வதம்மா பின்னாலிருந்து சிரித்தாள். இருவரும் கடைசியாக ஒத்துப்போனது அரசாங்கம் பற்றி மட்டும்தான், அதுவும் கடுமையாக. ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய பக்திப் பாடல்கள் ஏழே காலுக்குத்தான் தொடங்கின. ஹரோல்ட் அங்கிள் நிறுத்தச் சொல்லவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தொலைபேசியில் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள், எல்லோரும் "ஒண்ணுமில்ல சார்" ஆட்கள். தங்களுக்கும் அந்த வருஷம் வேரழுகல் வந்ததாகச் சொல்வதற்கு.

திங்கட்கிழமை ஹரோல்ட் அங்கிள் கூப்பிட்டனுப்பினார்.

"டீனா வர்லன்னுட்ச்சி. அதுக்கு அங்கயே நெறைய வேலையாம். அதனால ஷிப்ட் அதுக்கு இல்ல."

ஷெர்வின் நன்றி சொல்ல வாயைத் திறந்தான்.

"உனக்கும் இல்ல. செத்த மாட்ட லைவுல வுட்டவன் நீ. நாப்பது வருஷ சர்வீஸ்ல எங்க டைம் ஆபீஸ்ல ஒருத்தன் இன்னொருத்தன் அட்டையில பஞ்ச் அடிச்சாலே மூணு நாள் சஸ்பென்ட். நீ ரெண்டு வருஷத்துக்கு முந்தின ஆள முந்தாநேத்து ஷிப்ட்ல எறக்கிட்ட."

"அப்போ யாருக்கு அங்கிள்?"

"சம்பங்கிக்கு. அந்தாளுக்குத்தான்டா கேள்வி கேக்கத் தெரியுது. நீ பக்கத்துல உக்காந்து பொத்தான அமுக்கு."

அந்த வாரம் ஷெர்வின் அனுபவித்ததை விவரிப்பது கஷ்டம். ஒருத்தர் தன்னை விட்டுவிட்டு இன்னொருத்தரிடம் போனால் வரும் எரிச்சல் அவனுக்குப் பழகியிருந்தது. அவரே தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் எந்தப் பக்கமாக எரியவேண்டும் என்று அவன் வயிற்றுக்குத் தெரியவில்லை. நிலையத்து வாசலில் புதுத் தட்டி வைத்தார்கள்: "மண்ணும் மைக்கும் – வழங்குபவர்: சம்பங்கி". போகும்போதும் வரும்போதும் ஷெர்வின் அதைப் பார்க்காமல் நடந்தான். பெயரில் ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. அவன் தேடிப் பார்த்திருந்தான்.

சனிக்கிழமை ஆறேகாலுக்கு சம்பங்கி அண்ணன் வந்தார். சலவை வேட்டி, தோளில் பச்சைத் துண்டு. கேஜைச் சுற்றிப் பார்த்தார், ஹெட்போனைக் காதில் மாட்டினார், கழற்றினார். முகம் சரியில்லை.

"இன்னாண்ணா, பயமா கீதா?" என்றான் ஷெர்வின், இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு.

"பயமில்ல தம்பி. எனக்கு ஒரு விவசாயி வேணுமே."

"நீங்களே விவசாயிதான."

"நானே கேட்டு நானே சொல்லிகினா ஜனங்க சிரிக்க மாட்டாங்களா? போன வாரம் ரெண்டு பேரு இருந்தோம், ஆச்சி. வாரா வாரம் அது நடக்குமா? வேற ஆளு வேணும். பளிச்சினு பேசற ஆளு."

"அக்கா கீறாங்களே. தோட்டத்துல நிக்கறதே அவங்கதான. போன்ல கூப்டலாம், இப்பவே."

சம்பங்கி அண்ணன் பச்சைத் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"கேட்டேன் தம்பி. டீனா பொண்ணுக்கு ஒத்துகினுட்டாளாம். இந்த வெள்ளாம முடியற வரைக்கும் வேற யாருகிட்டயும் பேச மாட்டாளாம்." குரல் இறங்கிவிட்டது. "நேத்து ஒண்ணு போட்டுகீது அந்தப் பொண்ணு. இவ வேரழுகலப் பத்தி சொல்றா. நா சொன்னதவிட நல்லா சொல்றா. நடுநடுவுல சிரிக்கிறா தம்பி. இருவத்தாறு வருஷமாச்சி கண்ணாலமாயி, என்னப் பாத்து ஒரு நா அப்டி சிரிச்சது இல்ல."

ஷெர்வினுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். பத்துப் பன்னிரண்டு நாளாகக் கண்ணாடியில் பார்த்துவந்த முகம். அத்தனை நாளில் முதல்முறையாக அவனுக்கு மூச்சு சீராக வந்தது. நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"எத்தினி பேரு பாத்துகீறாங்கண்ணா?" என்று மிகுந்த பரிவோடு கேட்டான்.

"அஞ்சு லட்சம்."

"அய்யோ பாவம்" என்று சொல்லிவிட்டு, சிவப்பு விளக்குக்கான பொத்தானை அமுக்கினான்.